லேப்டாப்பும் சர்வரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

கொஞ்ச நாளா எனக்கு ரெண்டு கேள்வி மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கு. ஒண்ணு, காலேஜ் முடிக்கப் போறவங்க கேட்கிறது: "அண்ணா, கிளவுட் கத்துக்கணும், எந்த கோர்ஸ்ல சேரலாம்?" இன்னொண்ணு, வேலையில இருக்கிறவங்க கேட்கிறது: "ப்ரோ, வீட்டுல ஒரு லேப்டாப் இருக்கு. நல்லாத்தான் ஓடுது. ஆனா விண்டோஸ் 11 ஏற மாட்டேங்குது. எக்ஸ்சேஞ்சுல போட்டுடலாமா?"

கேட்க ரெண்டும் வேற வேற கேள்வி மாதிரி இருக்கு. என் பதில் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அந்த லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சுல போடாதீங்க. அதுல லினக்ஸ் போடுங்க. கோர்ஸுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு மாசம் அதுல வேலை பாருங்க. ஏன் இப்படிச் சொல்றேன்ங்கிறதுதான் இன்னைக்கு எபிசோடு.

இன்னொரு விஷயம். லினக்ஸ்னு சொன்னதும் எல்லாரும் முதல்ல சொல்றது "அது இலவசம்"னு. என்னைக் கேட்டா இலவசம்ங்கிறது அதுல ரெண்டாவது விஷயம்தான். முதல் விஷயம் என்னன்னு நடுவுல ஒரு கதையா சொல்றேன். 2020 டிசம்பர்ல நடந்த கதை.

முதல்ல, கிளவுட்டுக்குள்ள என்ன இருக்கு?

கிளவுட்னு பேர் வெச்சதால எங்கேயோ மேல மிதக்குதுன்னு தோணும். நிஜத்துல அது மும்பையிலேயோ சிங்கப்பூர்லேயோ ஒரு கட்டடத்துக்குள்ள, ஏசி குளிர்ல, வரிசை வரிசையா அடுக்கி வெச்சிருக்கிற கம்ப்யூட்டர். அதுல ஒரு பங்கை மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கிறோம். அவ்வளவுதான்.

அமேசான் 2006 ஆகஸ்ட்ல இசி2ங்கிற பேர்ல இந்த வாடகை சேவையை ஆரம்பிச்சப்போ, அதுல எடுக்க முடிஞ்சது லினக்ஸ் மெஷின்தான். விண்டோஸ் அங்க வந்தது 2008ல. மைக்ரோசாஃப்ட்டோட கதை இன்னும் சுவாரசியம். 2001ல அந்தக் கம்பெனியோட தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோயோட ஒப்பிட்டுப் பேசினார். பிற்காலத்துல அதே கம்பெனி, தன்னோட ஆசூர் கிளவுட்ல ஓடுற மெய்நிகர் இயந்திரங்கள்ல பாதிக்கு மேல லினக்ஸ்தான்னு சொல்லுச்சு. உலகத்தோட முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியல்ல 2017 நவம்பர்ல இருந்து எல்லாமே லினக்ஸ்.

நாம வாடகைக்கு எடுக்கிற மெஷினுக்குள்ள மட்டும் லினக்ஸ் இல்ல. பல இடங்கள்ல அந்தப் பெரிய கம்ப்யூட்டரைத் துண்டு துண்டா பிரிச்சுக் கொடுக்கிற வேலையையும் லினக்ஸ்தான் செய்யுது. ஒரு கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டரா காட்டுற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர்னு பேர். கேவிஎம்ங்கிற ஹைப்பர்வைசர் 2007 பிப்ரவரியில லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துடுச்சு. கெர்னல்னா இயங்குதளத்தோட மையப்பகுதி. மெமரி, டிஸ்க், சிபியூ எல்லாத்தையும் பங்கு போட்டுக் கொடுக்கிறது அதுதான். கூகுள் கிளவுட் கேவிஎம் மேலதான் ஓடுது. அமேசான் ஆரம்பத்துல ஸென்னு வேற ஒண்ணு வெச்சிருந்தது. 2017ல நைட்ரோன்னு ஒண்ணுக்கு மாறுச்சு. அதோட அடிப்படையும் கேவிஎம்தான்.

இப்போ கவனிங்க. உங்க பழைய லேப்டாப்புல லினக்ஸ் போட்டீங்கன்னா அதே கேவிஎம் அதுக்குள்ளேயும் இருக்கு. அதை வெச்சு நீங்களும் ஒரு லேப்டாப்பை ரெண்டு மூணு குட்டி சர்வரா பிரிச்சுப் பார்க்கலாம். அமேசான்கிட்ட இருக்கிறது பெரிய கடை. உங்ககிட்ட இருக்கிறது பெட்டிக்கடை. ஆனா சரக்கு ஒண்ணுதான்.

கன்டெய்னர்: மேன்ஷன் கணக்கு

அடுத்து கன்டெய்னர். வேலை விளம்பரம் எதை எடுத்தாலும் டாக்கர், குபர்நெட்டிஸ்னு போட்டிருக்கும். டாக்கர் 2013ல வந்துச்சு. அதுக்கு அடியில இருக்கிற சரக்கு லினக்ஸ் கெர்னல்ல அதுக்கு முன்னாடியே இருந்ததுதான். முக்கியமா ரெண்டு. ஒண்ணு நேம்ஸ்பேஸ், இன்னொண்ணு சிகுரூப்.

திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைச்சுக்கோங்க. கட்டடம் ஒண்ணு. ரூம் நிறைய. ரூமுக்கு ரூம் நடுவுல இருக்கிற சுவர்தான் நேம்ஸ்பேஸ். இந்த ரூம்ல இருக்கிறவனுக்குப் பக்கத்து ரூம்ல யார் இருக்கான்னு தெரியாது. ஒரு ரூமுக்கு இவ்வளவு கரன்ட், இவ்வளவு தண்ணின்னு அளவு வைக்கிறதுதான் சிகுரூப். கூகுள் இன்ஜினியர்கள் எழுத ஆரம்பிச்சு, 2008 ஜனவரியில கெர்னலுக்குள்ள வந்தது. எல்லா ரூமுக்கும் அஸ்திவாரம் ஒண்ணுதான். அந்த அஸ்திவாரம் லினக்ஸ் கெர்னல்.

அதனாலதான் விண்டோஸ்லயோ மேக்லயோ வழக்கமான டாக்கர் டெஸ்க்டாப் போட்டா, அது பின்னாடி சத்தமில்லாம ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்தை ஓட வெச்சு, அதுக்குள்ளதான் உங்க கன்டெய்னரை வைக்குது. லினக்ஸ் லேப்டாப்புல நடுவுல யாரும் இல்ல. கன்டெய்னர்ங்கிறது உங்க மெஷின்ல ஓடுற இன்னொரு பிராசஸ். டாப் கமாண்ட் அடிச்சா உங்க ப்ரௌசருக்குப் பக்கத்துலேயே அது தெரியும். இதை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா, கன்டெய்னர்னா என்னன்னு யாரும் உங்களுக்குப் படம் போட்டு விளக்க வேண்டாம்.

"டபிள்யூஎஸ்எல் இருக்கே, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கிடைக்குதே"ன்னு கேட்பீங்க. நல்ல விஷயம்தான். அதோட ரெண்டாவது பதிப்புல நிஜமான லினக்ஸ் கெர்னலே இருக்கு. ஆபீஸ் லேப்டாப்புல விண்டோஸ்தான்னா தாராளமா அதைப் பயன்படுத்துங்க. ஆனா அது ஜன்னல் வழியா தெருவைப் பார்க்கிற மாதிரி. மெஷின் பூட் ஆகிறது, வை-ஃபை டிரைவர், டிஸ்க் பிரிக்கிறது, இதெல்லாம் விண்டோஸே பார்த்துக்கும். உங்ககிட்ட வராது. கைக்கு வராதது கத்துக்கவும் வராது.

ஒரே இயங்குதளம்னா என்ன லாபம்?

சின்னச் சின்ன உதாரணம் சொல்றேன்.

உங்க புராஜெக்ட்ல ஒரு ஃபைல் பேர் பெரிய எழுத்துல ஆரம்பிக்குது. கோடுக்குள்ள அதைக் கூப்பிடும்போது சின்ன எழுத்துல எழுதியிருக்கீங்க. விண்டோஸ்லயும் மேக்லயும் வழக்கமான அமைப்புல ரெண்டையும் ஒண்ணாத்தான் எடுத்துக்கும். லேப்டாப்புல அழகா ஓடும். லினக்ஸ் சர்வர்ல ஏத்தினதும் "அப்படி ஒரு ஃபைலே இல்ல"ன்னு சொல்லும். லினக்ஸுக்கு அது ரெண்டும் வேற வேற பேர்.

இன்னொண்ணு. விண்டோஸ் ஒரு வரி முடிஞ்சா கண்ணுக்குத் தெரியாத ரெண்டு குறி வைக்கும். லினக்ஸ் ஒண்ணுதான் வைக்கும். விண்டோஸ்ல எழுதின ஷெல் ஸ்கிரிப்ட்டை அப்படியே சர்வர்ல போட்டா, அந்தக் கூடுதல் குறியால முதல் வரியிலேயே நின்னுடும். ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கிற மாதிரிதான் தெரியும். "என் மெஷின்ல ஓடுச்சே"ங்கிற புலம்பல்ல ஒரு நல்ல பங்கு இப்படி வர்றதுதான். மேசையிலயும் லினக்ஸ் இருந்தா இந்த ரகப் பிரச்சினை எல்லாம் வீட்டுலேயே பிடிபட்டுடும்.

இப்போ கொஞ்சம் பெரிய உதாரணம். எங்க டீம்ல ஒரு தம்பி சேர்ந்தான். பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் அவனோட முதல் கம்ப்யூட்டர். அதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க. பாஸ்ங்கிறது மத்திய அரசோட சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையா வெச்சு உருவாக்கினது. நிறைய பேர் அதை அழிச்சுட்டு விண்டோஸை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. இவன் வெச்சிருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சர்வர்ல டிஸ்க் நிரம்பிடுச்சு. ஒருத்தர் ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லாக்குக்குள்ள போய் ஒரு பெரிய லாக் ஃபைலை அழிச்சார். இடம் திரும்ப வரல. டிஎஃப் கமாண்ட் கேட்டா 100 சதவீதம் நிரம்பியிருக்குங்குது. டியூ கமாண்ட் போட்டு ஃபோல்டர் ஃபோல்டரா கூட்டினா பாதிகூட வரல. எல்லாரும் திரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம். இவன் மெதுவா சொல்றான், "அண்ணா, ஃபைலோட பேர்தான் போயிருக்கு. ஃபைல் போகல. அந்த சர்வீஸ் இன்னும் அதைத் திறந்து வெச்சிருக்கு. அதை ரீஸ்டார்ட் பண்ணுங்க, இடம் வந்துடும்." பண்ணினோம். வந்துடுச்சு.

விஷயம் இதுதான். லினக்ஸ்ல ஃபைலை அழிக்கிறதுன்னா அடைவுல இருந்து அதோட பேரை எடுக்கிறது. ஏதாவது ஒரு பிராசஸ் அதைத் திறந்து வெச்சிருக்கிற வரைக்கும் டிஸ்க்ல அந்த இடம் காலி ஆகாது. டியூ பேர்களை வெச்சுக் கூட்டும், டிஎஃப் டிஸ்க்கைக் கேட்கும். அதனாலதான் ரெண்டு கணக்கும் இடிக்குது. "இதை எங்கடா கத்துக்கிட்டே?"ன்னு கேட்டேன். "அந்த லேப்டாப்புல லினக்ஸுக்கு ஒதுக்கின இடம் ரொம்பக் கம்மிண்ணா. மாசத்துக்கு ஒரு தடவை நிரம்பிடும்"னான்.

அதே மாதிரிதான் மெமரியும். குபர்நெட்டிஸ்ல ஒரு பாட் செத்துப்போய் 137னு ஒரு எண்ணைக் காட்டும். புதுசா வர்றவங்க அதைப் பார்த்து மிரளுவாங்க. 128ஓட 9ஐக் கூட்டினா 137. 9ங்கிறது "உடனே சாகு"ங்கிற சிக்னலோட எண். பெரும்பாலும் கொடுத்த மெமரி அளவைத் தாண்டினதால கெர்னலே அதைக் கொன்னிருக்கும். 4 ஜிபி ரேம் இருக்கிற பழைய லினக்ஸ் லேப்டாப்புல முப்பது டேப் திறந்து வெச்சு ப்ரௌசர் திடீர்னு காணாம போனவங்களுக்கு, இது ஏற்கெனவே பழக்கமான மரணம்.

2020 டிசம்பர்: சென்ட்ஓஎஸ் கதை

இப்போ நான் சொன்ன கதைக்கு வர்றேன்.

ரெட் ஹேட்னு ஒரு கம்பெனி. லினக்ஸை எடுத்து, பரிசோதிச்சு, பத்து வருஷம் பாதுகாப்புத் திருத்தம் தருவேன்னு உத்தரவாதம் கொடுத்து, சந்தாவுக்கு விற்கிறவங்க. ஆனா அதுல இருக்கிற நிரல் கட்டற்ற உரிமத்துல வந்தது. எடுத்துப் படிக்கலாம், மாத்தலாம், மத்தவங்களுக்குக் கொடுக்கலாம். 2004ல சில தன்னார்வலர்கள் ரெட் ஹேட் வெளியிட்ட மூல நிரலை எடுத்து, அவங்க பேரையும் லோகோவையும் நீக்கிட்டு, திரும்பத் தொகுத்து சென்ட்ஓஎஸ்னு வெளியிட்டாங்க. சந்தா இல்லாத ரெட் ஹேட் மாதிரி. பல்கலைக்கழகம், வெப் ஹோஸ்டிங் கம்பெனி, ஸ்டார்ட்அப்னு எங்க பார்த்தாலும் சென்ட்ஓஎஸ்தான். 2014ல இந்தத் திட்டம் ரெட் ஹேட்டோடவே சேர்ந்துச்சு. 2019ல ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கிடுச்சு.

அதே 2019 செப்டம்பர்ல சென்ட்ஓஎஸ் 8 வந்தது. 2029 வரைக்கும் திருத்தங்கள் வரும்னு நம்பி எல்லாரும் சர்வரை அதுல ஏத்தினாங்க. 2020 டிசம்பர் 8ஆம் தேதி ஒரு அறிவிப்பு. சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31ஓட முடிஞ்சுடும். இனிமே சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான். ஸ்ட்ரீம்ங்கிறது ரெட் ஹேட்டோட அடுத்த பதிப்பு தயாராகிற இடம். பழைய சென்ட்ஓஎஸ் ரெட் ஹேட்டுக்குப் பின்னாடி வரும், இது முன்னாடி போகும். நிலையா ஓடணும்னு நினைக்கிறவங்களுக்கு அது பெரிய வித்தியாசம். எட்டு வருஷ வாக்கு ஒரே நாள்ல ஒரு வருஷமா சுருங்கிடுச்சு.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிங்க. "இலவசம்தானே"ன்னு நம்பினவங்களுக்கு என்ன கிடைச்சுது? ஒண்ணும் இல்ல. இலவசமா கொடுத்தவங்க நிறுத்திட்டாங்க. கேட்க உரிமையும் இல்ல, ஏன்னா நீங்க காசு கொடுக்கல.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அறிவிப்பு வந்த உடனேயே, சென்ட்ஓஎஸ் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான கிரெகரி குர்ட்ஸர், ராக்கி லினக்ஸ்னு புதுசா தொடங்கப் போறதா சொன்னார். ஆரம்ப காலத்துல கூட இருந்து பிறகு மறைந்த ராக்கிங்கிறவரோட நினைவா அந்தப் பேர். இன்னொரு பக்கம் கிளவுட்லினக்ஸ்ங்கிற கம்பெனி ஆல்மா லினக்ஸை 2021 மார்ச்லேயே வெளியிட்டுச்சு. ராக்கி அதே வருஷம் ஜூன்ல வந்தது. ஓடிட்டிருக்கிற சென்ட்ஓஎஸ் சர்வரை அழிக்காம, அப்படியே ஆல்மாவாவோ ராக்கியாவோ மாத்துற ஸ்கிரிப்ட்டும் வந்தது. ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன், அமெரிக்காவுல இருக்கிற ஃபெர்மிலேப், ரெண்டு பெரிய இயற்பியல் ஆய்வகங்களும் தங்களோட சோதனைகளுக்கு ஆல்மாவைப் பரிந்துரைக்கிறதா 2022 டிசம்பர்ல அறிவிச்சாங்க.

சும்மா நடந்துடல. ஆயிரக்கணக்கான சிஸ்டம் அட்மின்கள் அந்த ஒரு வருஷத்துல ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து மாத்தியிருக்காங்க. 2023 ஜூன்ல ரெட் ஹேட் இன்னொரு படி போய், முழு மூல நிரலை எல்லாருக்கும் வெளியில வைக்கிறதை நிறுத்திட்டு, வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கொடுக்க ஆரம்பிச்சுது. அப்போவும் ஆல்மாவும் ராக்கியும் வேற வேற வழி கண்டுபிடிச்சு இன்னும் ஓடிட்டிருக்காங்க.

இதை விண்டோஸ் 10 பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. தற்காலிகமா ஒரு கூடுதல் பாதுகாப்புத் திட்டம் இருக்கு, சரி. விண்டோஸ் 11க்குப் போகலாம்னா டிபிஎம் 2.0 சிப் வேணும், இன்டெல்லா இருந்தா பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேணும். உங்க லேப்டாப்புல அது இல்ல. விண்டோஸ் 10ஓட மூல நிரலை எடுத்து "இனிமே நாங்க பார்த்துக்கிறோம்"னு ஒரு குழு கிளம்ப முடியுமா? முடியாது. கதவு ஒண்ணுதான். சாவி அவங்ககிட்ட.

நான் முதல் விஷயம்னு சொன்னது இதைத்தான். இலவசம்ங்கிறது ஒருத்தர் மனசு வெச்சுக் கொடுக்கிறது. வெளியேறும் வழிங்கிறது உரிமத்துலேயே எழுதியிருக்கிறது. ரெண்டும் ஒண்ணு இல்ல.

சரி, யார் பார்த்துக்கிறாங்க?

ஓப்பன் சோர்ஸ்னா எல்லாரும் பார்க்கிறாங்க, அதனால பத்திரம்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அதுல பாதிதான் உண்மை. 2024 மார்ச்ல நடந்ததைச் சொல்றேன்.

எக்ஸ்இஸட்னு ஒரு சின்ன மென்பொருள். ஃபைலைச் சுருக்குறது. ஏறக்குறைய எல்லா லினக்ஸ்லயும் இருக்கு. அதைப் பராமரிச்சுட்டு இருந்தவர் தனி ஆளா, தன் சொந்த நேரத்துல செஞ்சுட்டு இருந்தார். உதவி பண்றேன்னு வந்த ஒரு ஆள் ரெண்டு மூணு வருஷம் பொறுமையா நம்பிக்கையைச் சம்பாதிச்சு, கடைசியில ஒரு ரகசியப் பின்வாசலை உள்ள வெச்சுட்டார். எஸ்எஸ்ஹெச் வழியா சர்வருக்குள்ள நுழையிற பின்வாசல். எஸ்எஸ்ஹெச்தான் நாம தூரத்துல இருந்து சர்வருக்குள்ள போற வாசப்படி.

அதைக் கண்டுபிடிச்சவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், மைக்ரோசாஃப்ட்ல வேலை. டெபியனோட நிலையற்ற பதிப்புல ஏதோ அளந்துட்டு இருந்தப்போ, எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதைக் கவனிச்சார். அரை விநாடிதானேன்னு விடல. தோண்டிக்கிட்டே போய், மார்ச் 29ஆம் தேதி உலகத்துக்குச் சொன்னார். நிலையான பதிப்புகளுக்குப் போறதுக்கு முன்னாடியே பிடிபட்டுடுச்சு.

இதுல நல்லது, கெட்டது ரெண்டும் இருக்கு. நிரல் திறந்து இருந்ததாலதான் வேற கம்பெனிக்காரர் ஒருத்தர் அடிவரைக்கும் தோண்ட முடிஞ்சுது. அதே நேரம், உலகம் முழுக்கச் சார்ந்திருக்கிற ஒரு மென்பொருளைக் களைச்சுப்போன ஒரே ஒரு ஆள் தாங்கிட்டு இருந்தார். அதனால நீங்க லினக்ஸ் பயன்படுத்தினா, முடிஞ்சதைத் திருப்பிக் கொடுங்க. கோடுதான் எழுதணும்னு இல்ல. ஒரு பிழையைத் தெளிவா பதிவு பண்ணலாம். லிப்ரெஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், நோம், கேடிஇ எல்லாத்துக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கு. நிறைய அது தன்னார்வலர்கள் செஞ்சது. பத்து வரி நீங்களும் மொழிபெயர்க்கலாம்.

எங்க ஒத்து வராது?

வியாபாரம் பேச வரல, அதனால இதையும் சொல்லிடறேன். போட்டோஷாப், பிரீமியர் வெச்சுச் சாப்பிடுறவங்க அதே மெஷின்ல லினக்ஸுக்கு மாறாதீங்க. அடோபி அதை லினக்ஸுக்குத் தர்றதில்ல. ஸ்டீம்ல நிறைய கேம் இப்போ ஓடுது. வேலரன்ட் ஓடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வெச்சு வேலை பார்க்கிற ஆடிட்டரா இருந்தா, முதல்ல அந்த டோக்கன் ஓடுதான்னு பாருங்க. கைரேகை சென்சார், சில வை-ஃபை சிப், என்விடியா கார்டு, இதெல்லாம் மெஷினுக்கு மெஷின் மாறும்.

பெரிய அளவுல ரெண்டு அனுபவம் இருக்கு. ஜெர்மனியில மியூனிக் நகராட்சி 2003ல லினக்ஸுக்கு மாறலாம்னு முடிவு பண்ணி, 2013க்குள்ள சுமார் 15,000 கம்ப்யூட்டரை மாத்துச்சு. 2017ல நகர மன்றம் திரும்ப விண்டோஸுக்கே போகலாம்னு ஓட்டுப் போட்டுச்சு. பிரான்ஸ்ல ஜாந்தார்மரின்னு ஒரு காவல் படை. அவங்க முதல்ல இயங்குதளத்தைத் தொடவே இல்ல. 2005ல விண்டோஸ்லேயே ஓப்பன்ஆஃபீஸ் போட்டாங்க. 2006ல ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட். ஆட்கள் அதுல பழகின பிறகு 2008ல இருந்து உபுண்டு. பல்லாயிரம் கம்ப்யூட்டர்ல இன்னும் ஓடுது. மியூனிக்ல அரசியல், நிர்வாகம்னு பல காரணம் இருந்துச்சு, அதை ஒரே வரியில அடக்க முடியாது. ஆனா பிரெஞ்சுக்காரங்க போன வரிசை நம்ம வீட்டுக்கும் பொருந்தும். முதல்ல செயலி, அப்புறம் இயங்குதளம்.

இந்த மாசம் என்ன செய்யலாம்?

முதல் ரெண்டு வாரம் விண்டோஸ்லேயே இருங்க. லிப்ரெஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி மட்டும் பயன்படுத்துங்க. எதுக்காக பழைய செயலிக்குத் திரும்பப் போறீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அந்தப் பட்டியல்தான் உங்களுக்கு லினக்ஸ் ஒத்து வருமா வராதான்னு சொல்லும்.

மூணாவது வாரம், ஒரு பென் டிரைவ்ல லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு எல்டிஎஸ் ஏத்துங்க. எல்டிஎஸ்னா அஞ்சு வருஷம் பாதுகாப்புத் திருத்தம் வர்ற பதிப்பு. பென் டிரைவ்ல இருந்தே பூட் பண்ணிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொடாது. வை-ஃபை, சத்தம், கேமரா, பிரின்டர் எல்லாம் ஓடுதான்னு பாருங்க. ரொம்பப் பழைய மெஷின்னா மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு எடுங்க, லேசா இருக்கும். தமிழ் டைப் பண்ண ஐபஸ்ல தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

நாலாவது வாரம், போட்டோ, சர்டிபிகேட் எல்லாத்தையும் வேற டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு இன்ஸ்டால் பண்ணுங்க. காப்பி எடுத்த டிஸ்க்கைத் திறந்து பார்த்து உறுதி பண்ணிக்கிட்ட பிறகுதான்.

அடுத்து கிளவுட். கிரெடிட் கார்டு கொடுத்து அக்கவுன்ட் திறக்க அவசரப்படாதீங்க. அந்தப் பழைய லேப்டாப்பே உங்க முதல் டேட்டா சென்டர். எஸ்எஸ்ஹெச் சர்வர் போட்டு, மூடியை மூடினாலும் தூங்காம இருக்கிற மாதிரி அமைச்சு, அலமாரி மேல வைங்க. இன்னொரு மெஷின்ல இருந்தோ போன்ல இருந்தோ உள்ள போங்க. பாஸ்வேர்டுக்குப் பதிலா சாவி வெச்சு லாகின் பண்ணக் கத்துக்கோங்க. ஃபயர்வால் போடுங்க. ஒரு வெப்சைட் ஓட விடுங்க. அப்புறம் வேணும்னே உடைங்க. டிஸ்க்கை நிரப்புங்க, மெமரியைத் தீருங்க, லாக் படிச்சு ஏன்னு கண்டுபிடிங்க.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு கிளவுட்ல அதே உபுண்டுவுல மிகச் சின்ன மெஷினை எடுங்க. முதல் வேலையா செலவு எச்சரிக்கை வைங்க, முடிஞ்சதும் மெஷினை அழிச்சுடுங்க. உள்ள நுழைஞ்சதும் ஒரு விஷயம் கவனிப்பீங்க. அதே ஃபோல்டர், அதே கமாண்ட், அதே லாக். இடம்தான் மாறியிருக்கும். விண்டோஸ் மெஷினா இருந்தா வாடகையில உரிமக் கட்டணமும் சேரும், உபுண்டு, டெபியனுக்கு அது கிடையாது.

ஏதாவது ஒரு இடத்துல மாட்டிக்கிட்டா, திரையில வந்த பிழைச் செய்தியை அப்படியே காப்பி பண்ணி எனக்கு அனுப்புங்க. "வேலை செய்யல ப்ரோ"ன்னு மட்டும் அனுப்பாதீங்க, அதை வெச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த எபிசோடுல எஸ்எஸ்ஹெச் சாவியைப் பத்தி விவரமா பேசலாம். அதுக்குள்ள அலமாரி மேல ஒரு லேப்டாப் ஏறியிருக்கணும்.